பாறையைத் தண்ணீரால் அடிக்கும் சுத்தியல்: கிரூனா சுரங்கம் தண்ணீரைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

2025 ஆகஸ்ட் 19, 20 தேதிகளில், சுவீடனின் வடகோடியில் உள்ள கிரூனா நகரத்தில், 672 டன் எடையுள்ள மரத் தேவாலயம் ஒன்றை அப்படியே தூக்கி, வண்டியில் ஏற்றி, சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி இறக்கி வைத்தார்கள். 1912இல் கட்டி முடித்த கட்டடம். இரும்புச் சுரங்கத்துக்காக ஊரே இடம்பெயர்கிறது என்று செய்திகள் சொல்லின. ஆனால் சுரங்கம் நடப்பது சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில். அவ்வளவு கீழே தோண்டினால் மேலே இருக்கும் கோயில் ஏன் நகர வேண்டும்?

அந்தச் சுரங்கம் தாதுவை எடுக்கும் முறையில் விடை இருக்கிறது. அந்த முறையை இன்றைய அளவுக்குப் பெரிதாக்க உதவிய கருவிகளில் ஒன்று, காற்றில்லாமல் தண்ணீரின் அழுத்தத்தால் ஓடும் துளையிடும் சுத்தியல். அணைக்கட்டு, நகரக் கட்டுமானம் என்று இன்று பல இடங்களுக்கு அது பரவியிருக்கிறது.

## சரியவிட்டு எடுக்கும் சுரங்கம்

கிரூனாவாரா மலையின் தாது மேக்னடைட் என்ற காந்த இரும்புத்தாது. 4 கிலோமீட்டர் நீளமும் சராசரி 80 மீட்டர் தடிமனும் கொண்ட ஒரு பெரும் பலகையைப் போல அது பூமிக்குள் கிடக்கிறது. நேராக நிற்கவில்லை, ஏறக்குறைய 60 பாகை சாய்வில், ஊர் இருக்கும் பக்கமாகவே கீழே இறங்குகிறது. தோண்டுவது சுவீடன் அரசின் எல்.கே.ஏ.பி. நிறுவனம். இப்போதைய முதன்மைப் போக்குவரத்துத் தளம் 1,365 மீட்டர். இது மலையின் பழைய உச்சியிலிருந்து அளந்த கணக்கு.

வேலை இப்படிப் போகிறது. தாதுவுக்குள் வரிசையாகக் குடைவழிகள் வெட்டுவார்கள். ஒவ்வொரு குடைவழியின் கூரையிலிருந்தும் மேல்நோக்கி, விரித்த பனையோலை விசிறி போல எட்டு முதல் பத்துத் துளைகள் இடுவார்கள். சில மீட்டர் விட்டு அடுத்த விசிறி. பிறகு கடைக்கோடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு விசிறியாக வெடித்துக்கொண்டே பின்வாங்குவார்கள். விழுந்த தாதுவை லோடர் அள்ளிப் போகும். காலியான இடத்தை யாரும் நிரப்புவதில்லை. மேலே இருக்கும் வெற்றுப்பாறை தானே சரிந்து நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பதுதான் திட்டம். தாது சாய்ந்திருப்பதால், ஆழம் கூடக்கூட அந்தச் சரிவின் விளிம்பு தரைமட்டத்தில் ஊரை நோக்கி நகர்கிறது. தேவாலயம் நகர்ந்த காரணம் அதுவே.

1980களில் இரண்டு தளங்களுக்கு இடையே உயரம் 12 மீட்டர் அளவிலும், பக்கத்துக் குடைவழிகளுக்கு இடையே தூரம் 11 மீட்டர் அளவிலும் இருந்தன. இன்று உயரம் சுமார் 28 மீட்டர், தூரம் சுமார் 25 மீட்டர். அதாவது ஒரு குடைவழியைக் கொண்டு எடுக்கும் தாதுவின் குறுக்குப்பரப்பு 132 சதுர மீட்டரிலிருந்து 700 சதுர மீட்டருக்குப் போய்விட்டது. ஐந்து மடங்குக்கும் மேல். குடைவழி வெட்டுவதுதான் இந்த முறையில் பணத்தை விழுங்கும் வேலை என்பதால், இது சின்ன லாபம் இல்லை. விசிறிகளுக்கு இடையே 3 மீட்டர், தாதுவின் எடை கனமீட்டருக்கு 4.6 டன் என்று வைத்தால், 28 × 25 × 3 × 4.6. ஒரே வெடிப்பில் ஏறக்குறைய 10,000 டன் கீழே வருகிறது.

இதற்கு 40, 50 மீட்டர் நீளத் துளைகள் வேண்டும். அவை நேராகவும் போக வேண்டும். 45 மீட்டர் துளை 1 சதவீதம் விலகினால் நுனியில் 45 சென்டிமீட்டர் தள்ளிப் போகும், சமாளிக்கலாம். 5 சதவீதம் விலகினால் 2.25 மீட்டர். விசிறிகளின் இடைவெளியே 3 மீட்டர்தான். அப்படியானால் ஒரு பக்கம் இரண்டு துளைகள் ஒட்டி நின்று பாறையைத் தூளாக்கும். இன்னொரு பக்கம் வெடி எட்டாமல் பாறை பாலம்போலத் தொங்கும். அடியில் தாது வராது. தொங்கும் பாறைக்குக் கீழே போய் அதை விடுவிப்பது சுரங்கத்தில் யாரும் விரும்பாத வேலை.

## அடிக்கும் மூன்று வழிகள்

பாறைத் துளையில் எப்போதும் மூன்று செயல்கள் சேர்ந்து நடக்கின்றன: அடிப்பது, சுழற்றுவது, உடைந்த தூளை வெளியே தள்ளுவது. அடி எங்கே விழுகிறது, எது தூக்கித் தள்ளுகிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன.

1. மேலடிச் சுத்தியல். சுத்தியல் துளைக்கு வெளியே எந்திரத்தில் இருக்கும். அடி ராடு வழியாக நுனிக்குப் போகும். ஒவ்வொரு ராடு இணைப்பிலும் கொஞ்சம் ஆற்றல் போய்விடும். மெல்லிய ராடுகள் வளையவும் செய்யும். 20 மீட்டருக்குள் வேகமான, மலிவான வழி இதுதான்.

2. காற்றுச் சுத்தியல். சுத்தியல் துளைக்குள், பாறையை உடைக்கும் முனையான பிட்டுக்கு நேர் பின்னால் இருக்கும். கம்ப்ரஸர் காற்று பிஸ்டனை ஓட்டும், தூளையும் ஊதித் தள்ளும். நம் ஊர் போர்வெல் வண்டியில் இருப்பது இதுதான்.

3. தண்ணீர்ச் சுத்தியல். இருக்கும் இடம் அதே. காற்றுக்குப் பதில் 180 பார் வரை அழுத்தத்தில் வரும் தண்ணீர் பிஸ்டனை ஓட்டும். (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்.)

மூன்றாவதை எல்.கே.ஏ.பி. தன் சுரங்கங்களின் தேவைக்காகவே வளர்த்தெடுத்தது. அதைச் செய்யும் துணை நிறுவனத்தின் பெயர் வசரா. பின்லாந்து மொழியில் வசரா என்றால் சுத்தியல். இந்திரன் கையிலுள்ள வச்சிராயுதத்தின் பெயரோடு உறவுள்ள சொல் இது, ஆதியில் இந்தோ-இரானிய மொழியிலிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது என்பது மொழியியலாளர்கள் கருத்து. பாறையைப் பிளக்கும் கருவிக்குப் பொருத்தமான பெயர்தான்.

சுத்தியலுக்குள் நடப்பது இது. குழாய் வடிவ உறைக்குள் கனமான பிஸ்டன் ஒன்றும், அதனோடு சேர்ந்து இயங்கும் வால்வு ஒன்றும் இருக்கின்றன. அழுத்தத் தண்ணீர் பிஸ்டனைப் பின்னால் தள்ளுகிறது. பயணத்தின் முடிவில் வால்வு வழியை மாற்றுகிறது. அதே அழுத்தம் பிஸ்டனை முன்னால் பாய்ச்சி பிட்டின் தலையில் மோத வைக்கிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அடிகள். வேலை முடித்த தண்ணீர், அழுத்தத்தைப் பெரும்பாலும் இழந்த பிறகு, பிட்டின் துவாரங்கள் வழியே வெளிவந்து தூளை அள்ளிக்கொண்டு போகிறது. அழுத்தம் சுத்தியலுக்குள்ளேயே செலவாகிவிடுகிறது என்பது அணைக்கட்டுப் பகுதியில் மறுபடி தேவைப்படும்.

## சுருங்குவது, சுருங்காதது

180 பார் அழுத்தத்தில் தண்ணீரின் கனஅளவு 1 சதவீதம்கூடக் குறைவதில்லை. காற்றை 21 பாருக்கு அழுத்தினால் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கும். விடுபட்டதும் அத்தனை மடங்கு விரியும். தண்ணீர்ச் சுத்தியலின் நல்லது கெட்டது எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் ஆற்றல். காற்றை அழுத்தும்போது எஞ்சின் கொடுக்கும் சக்தியில் பெரும்பங்கு வெப்பமாகி கம்ப்ரஸரின் குளிர்விப்பானில் வெளியேறிவிடுகிறது. தண்ணீரில் அந்த இழப்பு இல்லை. 180 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 300 லிட்டர் ஓடினால் நீரில் இருக்கும் சக்தி 90 கிலோவாட். பம்ப்பின் இழப்பைச் சேர்த்தாலும் 100 கிலோவாட் பக்கம்தான் வரும்.

அடுத்தது வேகம். நம் பகுதியில் வழக்கமான போர்வெல் கம்ப்ரஸர் 1,100 சி.எஃப்.எம்., 300 பி.எஸ்.ஐ.; அதாவது நிமிடத்துக்கு 31 கனமீட்டர் காற்று, 21 பார் அழுத்தம். ஆறரை அங்குலத் துளை, 114 மி.மீ. ராடு என்று வைத்தால், ராடுக்கும் துளைச் சுவருக்கும் இடையே துளையின் வாய்ப்பக்கம் காற்று மேலேறும் வேகம் நொடிக்கு 46 மீட்டர். மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல். பாறைத்தூளோடு சேர்ந்து அவ்வளவு வேகத்தில் வரும்போது ராடு, சுத்தியல் உறை, துளைச் சுவர் எல்லாவற்றையும் அது மணல்தாள்போல உரசித் தேய்க்கிறது.

கிரூனா அளவான 115 மி.மீ. துளையில், 89 மி.மீ. குழாயோடு 300 லிட்டர் தண்ணீரை அதே மாதிரி கணக்கிட்டால் நொடிக்கு 1.2 மீட்டர் வருகிறது. ஆள் நடக்கும் வேகம். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது என்பதால், இந்த நடைவேகமே தூளைத் தூக்கப் போதும்.

மூன்றாவது, ஆழத்தின் எடை. நிலத்தடி நீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 1 பார் எதிர் அழுத்தம். 200 மீட்டர் நீர் நிற்கும் துளையில் காற்றுச் சுத்தியல் 20 பாரைத் தள்ளிக்கொண்டு வேலை தொடங்க வேண்டும். கம்ப்ரஸரிடம் இருப்பதே 21. ஓடிக்கொண்டிருக்கும்போது காற்று நீரை வெளியேற்றிவிடுவதால் தெரியாது. ராடு மாட்ட நிறுத்தி மறுபடி தொடங்கும்போது தெரியும். தண்ணீர்ச் சுத்தியலுக்கு இந்தத் தொல்லை இல்லை. வெளியே எவ்வளவு உயரம் நீர் நிற்கிறதோ, ராடுக்குள்ளும் குறைந்தது அவ்வளவு நீர் நின்று தன் எடையால் அழுத்துகிறது. இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். குழாய் உராய்வு மட்டுமே மிச்சம்.

## துளை நேராகப் போவது எதனால்

தண்ணீருக்குத் தனி நேர்வழி ஞானம் எதுவும் கிடையாது. காற்றுக்கு அகலமான வெளியேறும் வழி வேண்டும். ஆகவே ராடுக்கும் சுவருக்கும் இடையே பெரிய இடைவெளி விட்டாக வேண்டும். அந்த இடைவெளியில் சுத்தியல் ஆடும், சாயும், பாறையின் அடுக்கு சொல்லும் பக்கம் திரும்பும். தண்ணீருக்கு ஒடுங்கிய வழி போதும். அதனால் சுத்தியல் உறையிலும் குழாய்களிலும் துளைச் சுவரைத் தொட்டபடி வரும் வழிகாட்டி விலாக்களை அமைக்க முடிகிறது. தேய்மானம் குறைவு என்பதால் அந்த விலாக்கள் பல துளைகளுக்குத் தாங்கும். தடித்த குழாய் வளைவதும் குறைவு. அடி நுனியிலேயே விழுவதால் ராடை மேலிருந்து பலமாக அமுக்க வேண்டியதும் இல்லை.

ஆனால் தொடக்கக் கோணம் தவறினால் இவை எதுவும் உதவாது. தொடக்கத்தில் எந்திரத்தை அரைப் பாகை தவறாக நிறுத்தினால், 45 மீட்டரில் 39 சென்டிமீட்டர் போய்விடும். எந்தச் சுத்தியலும் அதைத் திருத்தாது. விலகல் பற்றிய சண்டைகளில் பல உண்மையில் இந்தத் தொடக்கக் கோணம் பற்றியவை.

## அணைக்கட்டில், ஊருக்கு நடுவில்

மண் அணையின் உடல் வழியாகத் துளையிட்டு, அடியிலுள்ள பாறை விரிசல்களில் சிமென்ட் கரைசலைச் செலுத்தும் வேலைக்கு கிரவுட்டிங் என்று பெயர். அங்கே காற்றுச் சுத்தியலைக் கண்டால் பொறியாளர்கள் ஏன் பயப்படுகிறார்கள்? தூள் அடைத்துத் திரும்பும் வழி ஒரு கணம் மூடினால், 20 பார் காற்று பக்கவாட்டில் மண்ணுக்குள் புகும். புகுந்த இடத்தில் விரியும். அணையின் களிமண் நடுச்சுவரில் ஒரு பிளவை உண்டாக்கினால், அதன் வழியே நீர்க்கசிவு தொடங்கலாம். அணையைப் பழுதுபார்க்க வந்த துளையே அணைக்குப் புதிய பழுது ஆகிவிடும்.

தண்ணீர்ச் சுத்தியலிலிருந்து வெளிவரும் நீருக்கு அழுத்தம் குறைவு, விரியும் குணமும் இல்லை. அதனால் ஆபத்து குறைகிறது, ஒழிவதில்லை. திரும்பும் வழி அடைபட்டால், பம்ப் தொடர்ந்து தள்ளும் தண்ணீரும் மண்ணைப் பிளக்கும். அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை மண் அணைகளில் துளையிடத் தனி நடைமுறை விதிகள் வைத்து, துளையிடும் திட்டத்துக்கு முன்கூட்டியே ஒப்புதல் கேட்பது இதனால்தான். மண் பகுதியில் துளைச் சுவர் சரியாமல் தாங்கும் கேசிங் குழாயைக் கூடவே இறக்கிக்கொண்டு போவதும், திரும்பும் நீரை ஒருவர் கண்ணை எடுக்காமல் பார்ப்பதும் சுத்தியலின் வகையைவிட முக்கியம்.

கிரவுட்டிங்குக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. காற்று, ஈரத்தோடு கலந்த நுண்தூளை விரிசல்களுக்குள் அடித்துத் திணிக்கும். பிறகு சிமென்ட் உள்ளே போகாது. துளை வறண்டிருப்பதைப் பார்த்து விரிசலே இல்லை என்று எழுதிவிடுவார்கள். தண்ணீரில் போட்ட துளையின் சுவர் கழுவியதுபோல இருக்கும்.

நகரத்தில், பழைய கட்டடத்தின் அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் சிறு பைல்களோ (நிலத்துக்குள் இறக்கும் தாங்குதூண்கள்) நங்கூரக் கம்பிகளோ இறக்கும்போதும் இதே கதைதான். தளர்ந்த மணலில் காற்று துளையின் அளவைவிட அதிக மண்ணை உறிஞ்சி வெளியே துப்பும். எவ்வளவு மண் வெளியே வந்தது என்று யாரும் அளப்பதில்லை. பக்கத்து வீட்டுச் சுவர் அளந்து சொல்லும்.

தூசியும் எண்ணெயும் பற்றிச் சுருக்கமாக: காற்றுச் சுத்தியலுக்கு உயவு எண்ணெயைக் காற்றோடு கலந்து அனுப்ப வேண்டும், அது துளைக்குள்ளும் நிலத்தடி நீரிலும் போய்ச் சேரும். இங்கே தண்ணீரே உயவு. நுரையீரலில் சிலிக்கோசிஸ் உண்டாக்கும் பாறைத் தூசியும் ஈரத்தோடு சேறாகிவிடுகிறது.

## தென்னாப்பிரிக்கா: பம்ப்பே வேண்டாத ஆழம்

ஆயிரம் மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தின் அடியில் அழுத்தம் 98 பார். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் பாறையே சுடும் என்பதால், குளிரூட்டிய தண்ணீரைப் பல ஆண்டுகளாகக் கீழே அனுப்பி வந்தார்கள். அந்த இறக்கத்தில் கிடைக்கும் அழுத்தத்தை வால்வுகளில் வீணாக்குவானேன் என்ற எண்ணத்தில், நீரால் இயங்கும் கைத் துளைக்கருவிகள் அங்கே உருவாயின. முதலில் 95 பங்கு தண்ணீரில் 5 பங்கு எண்ணெய் கலந்த பால்கரைசல்; பிறகு வெறும் தண்ணீர். நார்தம் பிளாட்டினம் சுரங்கத்தைத் தொடக்கத்திலிருந்தே இந்த நீர்சக்தியை நம்பி வடிவமைத்தார்கள். இவை துளைக்குள் இறங்கும் சுத்தியல்கள் அல்ல, கையில் பிடிப்பவை. ஆனால் தத்துவம் ஒன்றே. விரியும் காற்று வெளியேறும் பேரொலி இல்லாததால் காதுக்கும் நிம்மதி.

இது இலவச சக்தி என்று எழுதுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இறங்கிய தண்ணீர் அத்தனையையும் மறுபடி மேலே ஏற்றியாக வேண்டும்.

## எங்கே, ஏன் கெடுகிறது

1. அழுக்குத் தண்ணீர். பிஸ்டனுக்கும் உறைக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளிதான். நுண்மணல் புகுந்தால் அந்த இடைவெளி அரிக்கப்பட்டு, அடிக்க வேண்டிய நீர் கசிந்து போகும். 50 மைக்ரான் அளவுக்கு வடிகட்டுவது வழக்கம். அடையாளம் எளிது: முன்பு 300 லிட்டரில் கிடைத்த அழுத்தத்துக்கு இப்போது 350 லிட்டர் தேவைப்பட்டால், சுத்தியல் உள்ளே தேய்ந்துவிட்டது. தினமும் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் சேர்த்துக் குறித்து வைத்தால்தான் இது தெரியும். அழுத்தத்தை மட்டும் பார்ப்பவர், பம்ப்பைக் கூட்டிக் கூட்டி ஒருநாள் சுத்தியல் நின்றதும் ஆச்சரியப்படுவார்.

2. மறுபயன்பாட்டில் சோம்பல். நிமிடத்துக்கு 300 லிட்டர் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 18,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றரை. திரும்பிய நீரைப் படியவிட்டுச் சுழற்சிக்குக் கொண்டுவருவது தவிர்க்க முடியாதது. ஒரே தொட்டி போதாது. படியும் தொட்டி, தெளிந்த தொட்டி, சுழல் பிரிப்பான், அதன் பிறகு வடிகட்டி என்று வரிசை வேண்டும். வடிகட்டி அடிக்கடி அடைத்தால் குற்றம் பெரும்பாலும் வடிகட்டியில் இல்லை. படியவிடும் நேரத்தில் இருக்கிறது.

3. பம்ப்பின் பட்டினி. பிளஞ்சர் பம்ப்புக்கு உறிஞ்சும் பக்கம் நீர் தாராளமாக வர வேண்டும். தொட்டி தாழ்வாக இருந்தாலோ குழாய் குறுகலாக இருந்தாலோ நீருக்குள் குமிழிகள் உண்டாகி வெடித்து, வால்வு இருக்கைகளைக் கொத்தித் தின்னும். கூழாங்கல் உருள்வது போன்ற சத்தம் கேட்டால் அதுதான்.

4. நான்-ரிட்டர்ன் வால்வு. கீழ்நோக்கிய துளையில் ராடு மாட்ட பம்ப்பை நிறுத்தியதும், வெளியே சேறாக நிற்கும் கனமான நீர் பிட் வழியாகச் சுத்தியலுக்குள் திரும்பப் பார்க்கும். தடுப்பது இந்த வால்வு ஒன்றுதான். அது பழுதானால் முதல் ராடு மாற்றத்திலேயே சுத்தியலில் தூள் ஏறிவிடும்.

5. திரும்பி வராத தண்ணீர். பெரிய விரிசலில் நீர் ஓடிவிட்டால் தூள் மேலே வராது. சுத்தியலைச் சுற்றிப் படிந்து சிக்கவைக்கும். ஒடுங்கிய இடைவெளி நேர்துளைக்கு வரம் என்றால் இங்கே சாபம். செய்ய வேண்டியது: அடிப்பதை நிறுத்தி, சுழற்றியபடியே பின்னிழுத்து, சிமென்ட் கரைசலால் அந்த இடத்தை அடைத்து, இறுகிய பின் மறுபடி துளைப்பது.

6. இணைப்புகள். காற்று ராடில் தேய்ந்த மரை கொஞ்சம் சீறும், அவ்வளவுதான். இங்கே 180 பார் நீர், இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் வழியே கசியத் தொடங்கினால், சில மணி நேரத்தில் எஃகு மரையையே அறுத்து வழி செய்துகொள்ளும். ஒவ்வொரு இணைப்பிலும் ஓ-ரிங்கைக் கண்ணால் பார்த்து மாட்டுவது கட்டாயம்.

7. துருவும் உறைபனியும். வேலை முடிந்ததும் நீரை வடித்து, துருத்தடுப்பு எண்ணெய் விட்டுவைக்க வேண்டும். குளிர்நாட்டில் தரைமட்ட வேலையின்போது நிறுத்திய சுத்தியலில் நீர் உறைந்தால் உறை வெடிக்கலாம்.

இதோடு ஆள்பாதுகாப்பு. இந்த அழுத்தத்தில் ஊசித்துவாரம் வழியே பாயும் நீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் காயத்துக்கு உள்ளே சிதைவு பெரிதாக இருக்கும். உடனே அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும். கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது. அழுத்தமானி பூஜ்யம் காட்டாமல் எந்த இணைப்பையும் தளர்த்தவும் கூடாது.

## அப்படியானால் நம் போர்வெல்லுக்கு?

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் காற்றையே பிடித்துக்கொண்டிருப்பது பழக்கத்தால் மட்டும் அல்ல. ஆறரை அங்குலத் துளைக்கு ஏற்ற தண்ணீர்ச் சுத்தியல் நிமிடத்துக்கு 400 லிட்டர் பக்கம் குடிக்கும். மணிக்கு 24,000 லிட்டர். வறண்ட ஊரில் தண்ணீர் தேடப் போகிற வண்டியின் பின்னால் மணிக்கு இரண்டு தண்ணீர் லாரி போக வேண்டும். மரை தேய்ந்த ராடுகள் எதுவும் உதவாது. பம்ப், வடிகட்டி, தொட்டிகள் என்று இன்னொரு லாரிச் சரக்கு சேரும். துளை அரை மீட்டர் சாய்ந்தால் சுரங்கத்தில் நட்டம். தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் இறங்கினால் போதும்.

இவற்றையெல்லாம் சமாளித்தாலும் ஒன்று இடிக்கும். காற்றுச் சுத்தியல் ஓடும்போது வெளிவருவது உலர்ந்த புழுதி. நிறம் மாறினால் பாறை மாறியது. புழுதி நின்று ஈரமானால் கசிவு தட்டியது. பீய்ச்சி அடித்தால் ஊற்று கிடைத்தது. ஒன்றரை இஞ்ச், இரண்டு இஞ்ச் என்று அங்கேயே அளந்துவிடுவார்கள். எத்தனையாவது அடியில் கிடைத்தது என்பதும் தெரியும். தண்ணீரை ஊற்றித் துளைத்தால் வெளியே வருவது முழுக்க நாம் ஊற்றிய தண்ணீர். அதில் பூமி கொடுத்தது எவ்வளவு என்று நின்று பார்ப்பவர் யாராலும் சொல்ல முடியாது.